‘மற்றவர்’ பட்டியலில் ஒரு தாய்மாமன்

1

எங்கள் தெரு ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் ஒரு மலர் போடப் போகிறது. லாக்டவுன் வந்து ஐந்து வருஷம் ஓடிவிட்டதல்லவா, அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் எப்படி ஒரே குடும்பமாக இருந்தோம் என்பதை வருங்காலத் தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டுமாம். செயலாளர் மோகனச்சந்திரன் ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு கூப்பிட்டார். கேட்டைத் திறந்து உள்ளே வரும் பழக்கத்தை அந்த நாட்களில் விட்டவர், நோய் போன பிறகும் அதைத் திரும்பப் பிடித்துக்கொள்ளவில்லை.

“சாமீ, ரெண்டு பேஜ் மதி. லாக்டவுன் காலத்து நல்ல நல்ல ஓர்மைகள். தமிழ்ல எழுதினா போதும், உங்க மோள் மலையாளத்தில் ஆக்கித் தரும் அல்லே? பின்னே ஒரு ஃபோட்டோவும் வேணும், கேட்டோ.”

ஓர்மை என்றால் நினைவு. சாமி என்றால் நான். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். பரமேஸ்வரன் என்று ஒரு பெயர் எனக்கு உண்டு என்பது மின்சார பில் கொண்டுவருகிறவருக்கு மட்டும் தெரியும். மோகனச்சந்திரன் என்னிடம் பேசுவதைத் தமிழ் என்று அவர் நம்புகிறார். நான் அவரிடம் பேசும் மலையாளத்தைப் பற்றி அவர் வீட்டில் என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

இரண்டு பக்கத்துக்கு நல்ல நினைவுகள் என்னிடம் இல்லை. இருப்பதை எழுதி மகளிடம் கொடுத்தேன். நந்திதாவுக்கு இப்போது பதினாறு வயது. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பாதியிலேயே தாளைத் திருப்பித் தந்துவிட்டாள். “அப்பா, இது முழுக்கப் பராதியாணல்லோ. நல்ல ஓர்மை எவிடே?” என்றாள். பராதி என்றால் புகார். சரியாகத்தான் சொன்னாள். அதனால் மலருக்குப் போகவேண்டியதை ஊர்க்காரர்களான உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களாவது கேட்டுக்குள் வருவீர்கள்.

உங்களில் சிலர் இப்போதே சிரிப்பீர்கள். திருவனந்தபுரத்தில் உட்கார்ந்துகொண்டு அயல்தேச வாழ்க்கை எழுதுகிறானே என்று. நான் பிறந்த நாகர்கோவில் வடிவீஸ்வரத்துக்கும் இந்த வீட்டுக்கும் எழுபது கிலோமீட்டர் இருக்கும். காலையில் அங்கே காபி குடித்துவிட்டு பஸ் ஏறினால் பத்து மணிக்குள் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிடலாம். நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தி பையன், “நீயெல்லாம் புலம்பெயர்ந்தவனாடா? கைல மஞ்சப் பையோட பஸ்ல போனவன்” என்பான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், களியக்காவிளை எல்லையில் சாலைக்குக் குறுக்கே கட்டை போடும்வரை. போட்டபின் பார்த்தால் அவனும் நானும் ஒன்று. அவனிடமாவது பாஸ்போர்ட் இருந்தது.

2

அசோசியேஷன் ஒற்றுமையாக இருந்தது என்பது பொய்யில்லை. எல்லோரும் வாசலில் நின்று தட்டு தட்டவேண்டும் என்று சொன்ன அந்த மாலை, மோகனச்சந்திரன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தெருவில் நடந்தார். எந்த வீட்டில் தட்டினார்கள், எந்த வீட்டில் தட்டவில்லை என்று குறித்துக்கொண்டே போனார். நான் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்தேன். என் வீட்டைத் தாண்டும்போது, “சாமி, குறச்சுகூடி சத்தமா” என்றார். இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். நாற்பத்தொன்பது வயதில், ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் பத்துப் பேருக்கு மேலதிகாரியாக இருந்த நான், குறச்சுகூடி சத்தமாக அடித்தேன். தாம்பாளத்தில் அன்று விழுந்த நசுக்கு இன்னும் இருக்கிறது. என் மனைவி உமா விசேஷ நாட்களில் அதன்மேல் வெற்றிலையை வைத்து மறைக்கிறாள்.

பிறகு சத்தியவாங்மூலம். வீட்டை விட்டு வெளியே போகிறவன் எங்கே போகிறேன், ஏன் போகிறேன், எப்போது திரும்புவேன் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகவேண்டும். எனக்கு மலையாளம் எழுத வராது. உமா எழுதுவாள். ஒருநாள் அவசரத்தில் அவள் உண்மையை எழுதிவிட்டாள். கிழக்கே கோட்டை பக்கம் ஒரு போலீஸ்காரர் அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். முகக்கவசத்துக்கு மேலே அவர் கண் மட்டும் தெரிந்தது. அது சிரித்ததா என்று சொல்ல முடியவில்லை.

“கறிவேப்பிலையோ?”

“ஆமாம் சார்.”

“சாரே, கறிவேப்பிலை வாங்கானோ சத்யவாங்மூலம்? அப்புறத்து வீட்டில் சோதிச்சுக்கூடே?”

பக்கத்து வீட்டில் கேட்கக் கூடாதா என்கிறார். பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலை மரம் எங்கள் மதிலின் மேலேயே சாய்ந்து கிடந்தது. ஆனால் அதைத் தொட்டுப் பறித்தால் யார் கைபட்ட இலை என்று தெரியாதாம். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் அதைப்பற்றி ஒரு நீண்ட குரல் பதிவு வந்திருந்தது. போலீஸ்காரரிடம் இதை எப்படிச் சொல்வது? திரும்பி வந்துவிட்டேன். அன்று ரசம் வெறும் கடுகோடு முடிந்தது.

நானும் ஒன்றும் குறைந்தவனில்லை. காலைப் பேப்பரை இஸ்திரி போட்டுத்தான் படித்தேன். சூட்டில் வைரஸ் செத்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவன் யார் என்று கேட்கும் புத்தியை எல்லோரும் அந்த மூன்று மாதத்துக்கு எங்கேயோ அடகு வைத்திருந்தோம். கத்தரிக்காயைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். ரூபாய் நோட்டைக் கொடியில் காயப் போட்டோம். மாலை ஆனால் டி.வி. முன் உட்கார்ந்து, எந்த ஜில்லாவில் எத்தனை பேர் என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்போம். தமிழ்நாட்டு எண்ணிக்கை ஏறும்போதெல்லாம் குழுவில் ஒரு பெருமூச்சுப் பொம்மை வரும். அதை எனக்குத்தான் அனுப்புகிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்ளக் கூடாதாம். பொதுவாக அனுப்புவதாம்.

3

அந்த வைகாசியில்தான் என் அக்கா பெண்ணுக்குக் கல்யாணம்.

அக்கா பெயர் கோமதி. வடிவீஸ்வரத்தில் இருக்கிறாள். அத்திம்பேர் காலமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஒரே பெண், சௌம்யா. எனக்கு அக்காவைத் தவிர உடன்பிறந்தவர் கிடையாது, அக்காவுக்கும் அப்படித்தான். கன்யாதானம் செய்துகொடுக்க அத்திம்பேரின் தம்பி இருந்தார். ஆனால் மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கவேண்டியவன் தாய்மாமன். அந்த இடத்துக்கு உலகத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. சௌம்யா நாலு வயசில் என் தோளில் உட்கார்ந்துகொண்டு, “மாமா, கல்யாணத்துக்கும் நீதான் தூக்கணும், வேற யாரும் தூக்கப்படாது” என்று சொன்னவள். அப்போதே அவள் கனம்தான்.

கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாத்தா படுக்கையில் இருந்தார், அவர் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அந்தப் பக்கம் பிடிவாதம். வீட்டிலேயே இருபது பேரோடு நடத்துவது என்று முடிவானது. அக்கா ஃபோனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “யாரு வந்தாலும் வராட்டாலும் போறும்டா. நீ வந்துடுவியோன்னோ?”

“வராம?” என்றேன்.

எல்லையைத் தாண்ட இணையத்தில் விண்ணப்பித்து பாஸ் வாங்கவேண்டும். எந்த மாநிலத்து அலுவலகம் என்று சொல்லமாட்டேன், இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பயணத்தின் காரணம் என்ற இடத்தில் திருமணம் என்று தட்டினேன். உடனே மணமக்களுக்கு நீ என்ன உறவு என்று ஒரு பட்டியல் விழுந்தது. மணமகன், மணமகள், பெற்றோர், உடன்பிறந்தோர், மற்றவர். அவ்வளவுதான். பெண் பிறந்ததிலிருந்து அன்னப்பிராசனம், காது குத்து என்று ஒவ்வொன்றுக்கும் மடியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தவன், கல்யாணத்தன்று கேட்டரிங்காரரோடு சேர்ந்து ‘மற்றவர்’. அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் எந்தக் கல்யாணத்திலும் பந்திக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்க மாட்டார்.

மற்றவரைத் தட்டினேன். மறுநாள் நிராகரித்துவிட்டார்கள். உதவி எண் ஒன்று போட்டிருந்தது. நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

“மாமான்னா அங்கிள்தானே சார்? அங்கிள் எல்லாம் அதர்ஸ்ல வரும். அதர்ஸுக்குப் பாஸ் கிடையாது.”

“தாய்மாமன்மா. அம்மாவோட தம்பி.”

“அதான் சார், அங்கிள்.”

“நான்தான் பொண்ணைத் தூக்கணும்.”

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மிகவும் இரக்கமான குரலில், “பொண்ணுக்கு நடக்க முடியாதா சார்? அப்படின்னா நீங்க மெடிக்கல்ல அப்ளை பண்ணுங்க” என்றாள்.

இரண்டாவது முறை, கல்யாணப் பத்திரிகையோடு ஒரு சான்றிதழையும் இணைத்தேன். அக்கா வீட்டு வாத்தியார், அறுபது வருஷமாகப் புரோகிதம் செய்கிறவர், தன் கையால் எழுதிக் கொடுத்தது. ‘மேற்படி மாதுலர், அதாவது தாய்மாமன், இல்லாமல் மாலை மாற்றும் வைபவம் நடவாது என்று இதனால் சான்றளிக்கிறேன்’ என்று எழுதி, கீழே கையெழுத்தும், கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தனக் கறையும். இணைப்பு தெளிவாக இல்லை என்று நிராகரித்தார்கள்.

மூன்றாவது முறை உமா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “உடன்பிறந்தோர்னு போடுங்கோ. கோமதி அக்காவுக்கு உடன்பிறந்தவர்தானே நீங்க? எவன் கேக்கப் போறான்” என்றாள். ஆக நான் என் அக்கா பெண்ணுக்கு அண்ணனாகி, விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன்.

அந்த வாரம்தான் மதுக்கடைக்கு இணையத்தில் டோக்கன் கொடுக்க ஆரம்பித்தார்கள். மோகனச்சந்திரன் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். அவருடைய எண்ணில் ஒரு டோக்கன் வாங்கியாகிவிட்டது, அடுத்தது நாலு நாள் கழித்துத்தான் கிடைக்கும். “சாமி குடிக்கில்லல்லோ, சாமியோட நம்பர் சும்மா கிடக்குது. ஒரு உபகாரம்” என்றார். என் பெயர், என் எண், என் பின்கோடு. இரண்டு நிமிஷத்தில் டோக்கன் வந்தது. உறவுமுறை கேட்கவில்லை. சான்றிதழ் கேட்கவில்லை. வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத வம்சத்தில் பிறந்த நான், இந்த அரசாங்கத்தின் கணக்கில் அன்று காலை பத்தரை மணிக்கு பிராந்தி வாங்கப் போயிருக்கிறேன்.

4

பாஸ் வந்தது.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, பகல் பதினோரு மணிக்கு, ஃபோனில் மெசேஜ். அனுமதிக்கப்பட்டது என்று போட்டு, என் பெயர், என் வண்டி எண், போகிற நாள் எல்லாம் சரியாக இருந்தது. உமா உடனே பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். சௌம்யாவுக்கு வாங்கி வைத்திருந்த பட்டுப்புடவை, மாப்பிள்ளைக்கு வேஷ்டி, என் பஞ்சகச்சம். எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் அடுக்கினாள்.

திரும்பி வரும்போது பதினாலு நாள் வீட்டில் தனிமை. வாசலில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வார்டு ஆட்கள் வந்து குளியலறையோடு சேர்ந்த அறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். மோகனச்சந்திரனுக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. கேட்டுக்கு வெளியே வந்தார்.

“போகக் கூடாதுன்னு ஞான் பறயில்ல, கேட்டோ. சாமியோட மருமகள் கல்யாணம். பக்ஷே அங்கே நம்பர் கூடுதலாணு. திரிச்சு வந்தா தெரு முழுக்கப் பிரச்னை ஆகும். அப்புறத்து வீட்டில் வயசானவர் உண்டல்லோ. அத்ரேயுள்ளூ.”

ஐந்து வருஷமாகக் கதையில் இந்த இடம் வரும்போதெல்லாம் நான் மோகனச்சந்திரனைத்தான் திட்டி வருகிறேன். அலுவலக நண்பர்களிடம் சொல்லும்போது, இந்த ஊர்க்காரர்களுக்கு நாமெல்லாம் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த கிருமிதான் என்று சொல்லி முடிப்பேன். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். ஆனால் அந்த மனிதர் சொன்னது அவ்வளவுதான். எனக்காக ஒரு வாரத்துக்குப் பால் வாங்கி மதில்மேல் வைப்பதாகவும் சொல்லிவிட்டுத்தான் போனார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உமாவும் தடுக்கவில்லை. “பதினாலு நாள்தானே, மாடில இருங்கோ. சாப்பாட்டைப் படில வச்சுட்டுப் போறேன். போய்ட்டு வாங்கோ” என்றாள்.

தடுத்தது நான். பயம். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. எனக்குச் சர்க்கரை எல்லையில் இருந்தது. சர்க்கரைக்காரர்கள்தான் முதலில் போகிறார்கள் என்று குழுவில் தினமும் வந்துகொண்டிருந்தது. கட்டிலில் அடுக்கியிருந்த பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் யோசித்தது, மூச்சு முட்டினால் நாகர்கோவிலில் எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கும் என்பதை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, பாஸ் கெடைக்கலை.”

“ஓ,” என்றாள்.

“மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன். மாமான்னா அவனுக்குப் புரியவே மாட்டேங்கறது. என்ன கவர்மெண்ட்டோ!”

“சரிடா. என்ன பண்றது,” என்றாள் அக்கா.

உமா கட்டிலில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பீரோவில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. 

5

கல்யாணத்தை ஸூமில் பார்த்தோம். ஒன்பது மணிக்குள் முகூர்த்தம். மடிக்கணினியை சாப்பாட்டு மேஜைமேல் வைத்து, பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு உட்கார்ந்தேன். மேலே சட்டை கிடையாது, அங்கவஸ்திரம்தான். நியூ ஜெர்சியிலிருந்து சித்தி பையன் பைஜாமாவோடு ஒரு சதுரத்தில் இருந்தான். யாரோ ஒரு மாமி மைக்கை அணைக்காமல் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். காசியாத்திரை முழுக்க மிக்ஸிச் சத்தத்தோடுதான் நடந்தது.

மாலை மாற்றும் நேரம் வந்தது. மாப்பிள்ளையை அவருடைய மாமா ஒரே மூச்சில் தூக்கிவிட்டார். ஆள் வாட்டசாட்டமானவர். சௌம்யா தரையில் நின்று, கையில் மாலையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொண்ணைத் தூக்குங்கோ! மாமா எங்கே, மாமா?” என்றார் வாத்தியார்.

“கம்ப்யூட்டர்ல இருக்கார்,” என்று யாரோ சொன்னார்கள்.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் தூக்கட்டுமே என்றார்கள். சௌம்யா தலையை ஆட்டிவிட்டாள். பிறகு சமையல் உள்ளிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, அவளை அதன்மேல் ஏற்றினார்கள். வாத்தியாருக்கு மனசு ஒப்பவில்லை. கேமரா பக்கம் குனிந்தார். அவர் மூக்கு மட்டும் திரை முழுக்கத் தெரிந்தது.

“மாதுலன் அங்கேர்ந்தே தூக்கட்டும். பாவனைதான் முக்கியம். ஆத்துல ஒரு பெண் குழந்தை இருக்கோன்னோ? அவளைத் தூக்குங்கோ. தூக்கி, மூணு தடவை முன்னாடி வாங்கோ.”

நந்திதாவுக்கு அப்போது பதினொரு வயது. விஷயம் புரிந்ததும் சோபாவுக்குப் பின்னால் போய்விட்டாள். “அய்யோ வேண்டா அப்பா! கிளாஸ்ல எல்லாரும் அறிஞ்சா நாணக்கேடு!” உமா அவளை இழுத்துக்கொண்டு வந்தாள். குனிந்து தோளில் ஏற்றினேன். எழுந்தபோது முதுகில் ஏதோ ஒன்று ‘களக்’ என்றது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. “ஃபேன், ஃபேன்!” என்று உமா கத்த, நந்திதா குனிந்து என் கண்ணைப் பொத்திக்கொள்ள, ஒன்றும் தெரியாமல் நான் மடிக்கணினியை நோக்கி மூன்று தடவை போய்விட்டு வந்தேன். நாதஸ்வரம் கேசட்டில் ஒலித்தது. எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்டூல்மேல் நின்றுகொண்டு சௌம்யா மாலை போட்டாள்.

எல்லாச் சதுரங்களிலும் சிரித்தார்கள். சித்தி பையன் கைதட்டினான். சௌம்யாவும் சிரித்தாள் என்று நினைக்கிறேன், படம் அப்போது சிக்கிக்கொண்டு அவள் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அக்கா ஓரமாக நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. பெண்ணைக் கொடுக்கிற நேரம், எந்தத் தாய்க்கும் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் தைலம் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அதையும் ஒரு தியாகமாகத்தான் எல்லோரிடமும் சொன்னேன்.

6

மோகனச்சந்திரன் கேட்ட ஃபோட்டோவுக்குத்தான் சென்ற வாரம் அக்காவைக் கூப்பிட்டேன். ஐந்து வருஷத்தில் நாங்கள் எத்தனையோ முறை பார்த்துக்கொண்டாகிவிட்டது. உறவில் ஒரு கல்யாணம், சௌம்யாவுக்குச் சீமந்தம், குழந்தைக்கு ஆயுஷ்ஹோமம் என்று போனேன், வந்தேன். சௌம்யா கல்யாணத்தைப் பற்றி மட்டும் நானே முந்திக்கொண்டு பேசிவிடுவேன். ஸ்டூல், மிக்ஸி, மின்விசிறி என்று வரிசையாகச் சொன்னால் எல்லோரும் சிரித்துவிடுவார்கள், பேச்சு முடிந்துவிடும்.

ஃபோட்டோவை அக்கா உடனே அனுப்பினாள். யாரோ திரையை அப்படியே படமாகப் பிடித்தது. என் தொப்பையும் நந்திதாவின் கால்களும் இருந்தன. நந்திதாவுக்குத் தலை இல்லை.

“நன்னாத்தான் இருக்கு,” என்று சிரித்தாள் அக்கா.

“அன்னிக்கு மட்டும் அந்தப் பாஸைக் குடுத்துத் தொலைச்சிருந்தான்னா இந்தக் கூத்தெல்லாம் உண்டா?” என்றேன். இதை நான் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

“பாஸ் கெடச்சுதேடா பரமு,” என்றாள் அக்கா.

கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

“எனக்கும் மெசேஜ் வந்துது. போற ஆத்து நம்பர்னு என் நம்பரைன்னா குடுத்திருந்தே? சௌம்யாதான் படிச்சா. மாமாவுக்குப் பாஸ் வந்துடுத்தும்மான்னு குதிச்சா. அப்பறம் நீ கூப்பிட்டுக் கெடைக்கலைன்னே. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், அவளும் பக்கத்துலதான் இருந்தா.”

ஃபோனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.  “ஏன்க்கா ஒண்ணும் கேக்கலை?” என்றேன்.

“பயந்துண்டேன்னு தெரிஞ்சுது. கேட்டா இன்னொரு பொய் சொல்லுவே. எதுக்கு? சம்பந்தியாத்துல, தாய்மாமன் எங்கேன்னு கேட்டா. கவர்மெண்ட் விடலைன்னு சொன்னேன். அவாளும் சேர்ந்து கவர்மெண்ட்டைத் திட்டினா. சௌம்யாவுக்குத்தான் அன்னிக்கு ஒரு மாதிரி ஆயிடுத்து. ஸ்டூல்ல ஏறவே மாட்டேன்னா. நான்தான் ஏத்தினேன். சரி, பால் பொங்கறது, வச்சுடறேன்.”

வைத்துவிட்டாள். இவ்வளவு நேரம் இந்தக் குறிப்பில் நான் யாரையெல்லாம் நையாண்டி செய்திருக்கிறேனோ, அந்த உதவி எண் பெண் உட்பட, அவர்களில் ஒருவர்கூட சௌம்யாவுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், ஐந்து வருஷமாக என் முன்னால் உட்கார்ந்து அந்தக் கதைக்கு அக்காவும் சௌம்யாவும் சிரித்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை தம்பானூரில் பஸ் ஏறினேன். களியக்காவிளையில் பஸ் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள், நாலு பேர் ஏறினார்கள், யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வடிவீஸ்வரத்தில் கதவைத் திறந்த அக்கா, “என்னடா, சொல்லாமக் கொள்ளாம?” என்றாள். “சௌம்யாகிட்டப் பேசணும்,” என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு பெங்களூரில் இருக்கும் சௌம்யாவை வீடியோவில் கூப்பிட்டு, ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சௌம்யா ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. எனக்குப் பின்னால் தெரிந்த கூடத்தைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தாள்.

“என்ன மாமா, திடீர்னு நம்மாத்துல? பாஸ் கெடச்சுடுத்தா?”

“அன்னிக்கே கெடச்சுதும்மா,” என்றேன். “நான்தான் வரலை.”

அவள் சிரிப்பு நின்றது. குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, ஃபோனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து என்னைப் பார்த்தாள்.

“தெரியும் மாமா,” என்றாள். “காபி சாப்பிட்டேளா?”

“இன்னும் இல்லைம்மா,” என்றேன்.